நிலப்பட வரைவு – பீர்க்கன்கரணை, தாம்பரம் வட்டாரம்

சென்னைக்குத் தெற்கே, பெருங்களத்தூரை அடுத்து, ஜி.எஸ்.டி. சாலையையும் தன் பெயர் கொண்ட ஏரியையும் ஒட்டிக் கிடக்கும் பீர்க்கன்கரணை, நெடுங்காலம் கிராமமாகவும் பின்னர்ப் பேரூராட்சியாகவும் இருந்து, 2021ஆம் ஆண்டு தாம்பரம் மாநகராட்சியில் இணைந்த ஊர். இவ்வூருக்கெனத் தனியே நிலப்பட சரித்திரம் கிடையாது. ஆயினும் இதற்குக் கிழக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்திலேயே, பாரத தேசம் முழுவதையும் அளந்து வரைந்த மாபெரும் பிரயத்தனத்தின் முதற்கோடு இடப்பட்டமையால், இவ்வட்டாரத்தின் கதை அந்தப் பெருங்கதையோடு பிரிக்க முடியாதபடி கலந்துவிட்டது.

முற்காலத்தில் நிலத்தைப் படமாக எழுதாமல் சொல்லாலேயே எழுதினர். கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் கீழெல்லை, மேலெல்லை, தென்னெல்லை, வடவெல்லை என்று வாய்க்காலையும் மரத்தையும் ஏரிக்கரையையும் சொல்லி முடிக்கும் பகுதிகள் அவ்வகையின.

செங்கற்பட்டு ஜாகீர் 1763இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்தபின், தாமஸ் பார்னார்டு என்னும் பொறியாளர் 1767 முதல் 1774 வரை அதனை அளந்தார். ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களைத் தழுவிய அவ்வளவையோடு, ஊர்தோறும் நன்செய், புன்செய், தோப்பு, ஏரி, வீடுகளின் தொகை, இன்ன தொழிலார் இத்தனை குடி, விளைந்த தானியத்தில் கோயிலுக்கும் ஊழியக்காரர்க்கும் இவ்வளவு என்று ஓலையில் தமிழிலேயே கணக்கு எழுதப்பட்டது. அவ்வோலைகளில் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இன்றும் இருக்கிறது. நிலத்தின் வடிவத்தை மட்டுமன்றி அதை நம்பி வாழ்ந்தோரையும் ஒருசேர எழுதிவைத்த அப்பதிவுக்கு நிகரானது பிற்காலத்தில் அரிது.

நுங்கம்பாக்கத்தில் 1792இல் வானாய்வகம் எழுந்தது. வானியலாளர் மைக்கேல் டாப்பிங்கின் முயற்சியால் 1794இல் நில அளவைப் பள்ளி தொடங்கியது. கிண்டிப் பொறியியற் கல்லூரிக்கு மூலம் இப்பள்ளியே.

முன்னே சொன்ன மாபெரும் அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்ப்டன் பிறந்த ஆண்டு 1753 என்பாரும் 1756 என்பாரும் உளர். அவர் 1802 ஏப்ரல் 10ஆம் நாள் பறங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் இடையே ஓர் ஆதாரக் கோட்டை அளக்கத் தொடங்கினார். ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கத்தின் நீளமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் மற்ற இரு பக்கங்களும் கணக்கிலேயே கிடைத்துவிடும்; கிடைத்த பக்கத்தின்மேல் அடுத்த முக்கோணம், அதன்மேல் மற்றொன்று எனக் கன்னியாகுமரி முதல் இமயம் வரை தொடரலாம். ஆதலால் முதற்கோட்டில் நேரும் பிழை, அதன்மேல் எழும் அத்தனை முக்கோணங்களிலும் பெருகிக்கொண்டே போகும். இந்த அச்சமே அவருடைய அசாதாரணமான நிதானத்துக்குக் காரணம்.

அளந்த சங்கிலி, லண்டனில் ராம்ஸ்டன் என்னும் கருவிக்கலைஞர் செய்த நூறடி எஃகுச் சங்கிலி. நாற்பது கண்ணிகள், ஒவ்வொன்றும் இரண்டரை அடி. சீனச் சக்கரவர்த்திக்குக் காணிக்கையாகத் தூதுக்குழுவோடு அனுப்பப்பட்டு, அங்கே ஏற்கப்படாமல் கல்கத்தாவுக்கு வந்து, அங்கிருந்து லாம்ப்டன் கைக்குச் சேர்ந்தது அது. தரையில் நேரே கிடத்தினால் மேடுபள்ளம் கெடுக்கும், வெயிலில் கிடத்தினால் எஃகு நீளும் என்பதால், இருபதடி நீளமுள்ள ஐந்து மரப்பெட்டிகளை முக்காலிகளின்மேல் வரிசையாக நிறுத்தி, அவற்றினுள் சங்கிலியை இழுத்து வைத்து, பெட்டிக்கொரு வெப்பமானி வைத்து, மேலே கூடாரம் போட்டு அளந்தனர். ஒரு பாரன்ஹீட் பாகை உஷ்ணம் ஏறினால் அச்சங்கிலி நீள்வது அங்குலத்தில் நூற்றிலொரு பங்குகூட இராது. ஆனால் நானூறு முறை சங்கிலி வைக்கும்போது அது மூன்று அங்குலமாகிவிடும். சித்திரை வைகாசி வெயிலில், இன்று கோவிலம்பாக்கமும் மேடவாக்கமும் நெருங்கி நிற்கும் அந்தப் பிரதேசத்தில், நானூறு முறையும் வெப்பமானியைப் பார்த்து எழுதி, பெட்டிகளைப் பெயர்த்து முன்னே வைத்து நடந்த கலாசிகள் என்னும் அளவைத் தொழிலாளரின் பொறுமையையும் இங்கே நினைவுகூர்தல் தகும். முடிவில் கிடைத்த நீளம் 40,006 அடிக்குச் சற்றே மேல். அதாவது ஏழரை மைலுக்குச் சிறிது அதிகம். கோட்டின் வடமுனை பறங்கிமலையின் உச்சி என்று பொதுவாகச் சொல்லப்படினும், சங்கிலி ஓடியது மலையடிச் சமவெளியில் என்பதே அளவை முறைக்குப் பொருந்துகிறது.

கோணம் அளக்க வந்த தியோடலைட், அரை டன் எடையுள்ள யந்திரம். வரும் வழியில் பிரெஞ்சுக்காரர் கைப்பட்டு மொரீஷியஸ் சேர்ந்து, அங்கிருந்த கவர்னரால் சென்னைக்கே திருப்பி அனுப்பப்பட்டது. பின்னர் 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் அதை ஏற்றுகையில் கயிறு அறுந்து சுவரில் மோதிச் சேதமுற்றது (விமானத்திலா, கோபுரத்திலா என்பதில் கருத்து வேற்றுமை உண்டு). லாம்ப்டன் ஆறு வாரம் உட்கார்ந்து தம் கையாலேயே அதைச் சீர்செய்தார். அளவையின் நுட்பத்துக்கு இரண்டு பலன்களைச் சொன்னால் போதும். சென்னையிலிருந்து மேற்கே மங்களூர் வரை அளந்தபோது, பழைய படங்களில் 400 மைலாக இருந்த தீபகற்பத்தின் அகலம் 360 மைலே என்று தெரிந்தது. பெங்களூரில் 1804இல் மற்றோர் ஆதாரக் கோட்டை நேரே அளந்து, சென்னைக் கோட்டிலிருந்து கணித்த நீளத்தோடு ஒப்பிட்டபோது வேற்றுமை நான்கு அங்குலத்துக்கும் குறைவு. லாம்ப்டன் 1823இல் ஹிங்கன்காட்டில், பணியின் நடுவே காலமானார். ஜார்ஜ் எவரெஸ்ட் அதைத் தொடர்ந்தார். இவ்வளவையில் உலகின் மிகவுயர்ந்த சிகரத்தின் உயரத்தை முதலில் கணித்தவர் ராதாநாத் சிக்தரே என்பது வங்காளத்தில் வலுவான அபிப்பிராயம். கூட்டு உழைப்பின் பலன் என்பாரும் உண்டு.

சென்னை மாகாணத்தில் 1858 முதல் வருவாய் அளவை நடந்து, மைலுக்கு 16 அங்குலம் என்ற அளவில் கிராமப்படங்கள் எழுந்தன. சர்வே எண், புலப்படம், நத்தம், ஏரிப் புறம்போக்கு முதலிய வழக்குகள் அவற்றால் நிலைபெற்றன. இந்திய நில அளவைத் துறையின் தாள்களில் தாம்பரம் வட்டாரம் 66 டி/1 என்ற எண்ணுடையது. நெடுங்காலம் பொதுமக்களுக்கு எளிதில் கிட்டாதிருந்த கடலோரத் தாள்கள் 2005ஆம் ஆண்டுத் தேசிய நிலப்படக் கொள்கைக்குப் பின்னரே பரவலாயின.

பீர்க்கன்கரணைக்கு அருகிலுள்ள முடிச்சூரும் வரதராஜபுரமும் 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மூழ்கியபோது, ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்னும் பொது நிலப்படத்தின்மேல் மக்களே நீர் நின்ற தெருக்களைக் குறித்தனர். நிலப்படத் தரவுகளைத் திரட்டவும் வெளியிடவும் இருந்த கட்டுப்பாடுகளை மத்திய அரசு 2021இல் தளர்த்தியது.

புலப்படத்தையும் நில விவரங்களைக் கொண்ட அ-பதிவேட்டையும் இன்று தமிழக அரசின் இணையச் சேவையில் சர்வே எண்ணைக் கொடுத்து எவரும் காணலாம். இவ்வட்டாரத்தில் மனை வாங்க எண்ணுவோர், பத்திரத்தில் கையெழுத்திடுமுன் அவ்விரண்டையும் பழைய கிராமப்படத்தோடு ஒப்பிட்டு, ஏரியும் கால்வாயும் எங்கே இருந்தன என்று பார்த்துக்கொள்வார்களாக.