கபாயி, காஜா, கடோரி: வெட்டுமேசையின் சொல்வரலாறு

சித்தூரிற் பிறந்து திருப்பதியில் ஆய்வு செய்யும் நான், சில மாதங்களாக மாலை வேளைகளில் ஒரு தையற்கடையில் துணி வெட்டக் கற்று வருகிறேன். பாவாடையும் சாதாரண ரவிக்கையும் கைவந்துவிட்டன. இப்போது அடுத்த படி: ஒருவர் அளவுக்கு வரைந்த அடிப்படைத் தாளிலிருந்து வேறுவேறு வெட்டுகளை உருவாக்குவது. கடையில் தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் கலந்து வருகின்றன. ஆனால் வெட்டுமேசையைச் சுற்றி ஒலிக்கும் சொற்களிற் பல இவ்விரண்டிற்கும் உரியன அல்ல. அது ஏன் என்பதே இப்பதிவு.

தைத்த ஆடையே நமக்கு அண்மையில் வந்தது என்ற எளிய விடை பொருந்தாது. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையில் துன்னகாரர் இருக்கின்றனர். முல்லைப்பாட்டில் மெய்ப்பை உண்டு. அதை அணிந்திருப்போர் யவனர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

திருமலைக் கோயிலுக்குட் சென்றோர் கிருஷ்ணதேவராயரின் உலோகச் சிலையைக் கண்டிருப்பர். அவர் 1513இல் முதன்முறையாகத் திருமலைக்கு வந்தவர். இருபுறமும் தேவியர் நிற்க, கைகூப்பிய அரசரின் தலையில் உயர்ந்த கூம்புக் குல்லாய், மார்பிலோ ஆடையில்லை. விஜயநகர அரசவையில் உயர்குடி ஆடவர் கபாயி என்னும் நீண்ட தைத்த அங்கியை அணிந்தனர். லேபாக்ஷி ஓவியங்களில் அதைக் காணலாம். ‘கபாயி’ அரபுச் சொல்லான ‘கபா’விலிருந்தும், ‘குல்லாய்’ பாரசீகக் ‘குலாஹ்’விலிருந்தும் வந்தவை. பிலிப் வாகனர் 1996இல் எழுதிய கட்டுரை, இவ்வுடையைப் பரந்த இஸ்லாமிய உலகின் அவைநாகரிகத்தில் விஜயநகரம் பங்குகொண்டதன் அடையாளமாகக் காண்கிறது. அவைக்கு வெட்டித் தைத்த துணி, தெய்வத்தின் முன் வெட்டாத துணி. தலையுடை மட்டும் உள்ளே வந்துவிட்டது! சொற்களின் கதையும் அப்படியே: குல்லாய் இன்றும் நம் வாயில் இருக்கிறது, கபாயி அகராதிக்குள் ஒதுங்கிவிட்டது.

அடுத்த அடுக்கு போர்த்துக்கீசியம். பொத்தான், தெலுங்கில் பொத்தாம், ‘பொத்தாவ்’ என்பதிலிருந்து வந்தது. ‘காஜா’ அதைவிடச் சுவையானது. போர்த்துக்கீசியத்தில் ‘காசா’ என்றால் வீடு. பொத்தான் நுழையும் துளைக்கும் அதே பெயர். பொத்தான் குடியிருக்கும் வீடு என்னும் உருவகம் மறைந்துபோய், வெறும் ஒலியாகக் ‘காஜா’ நம்மிடம் தங்கியது.

மூன்றாவது அடுக்கு ஆங்கிலம். நான் இப்போது தடுமாறுவதும் இங்கேதான். பழைய குர்த்தா வெட்டில் நேர்கோடுகளே மிகுதி: நீள்சதுரத் துண்டுகள், முக்கோணக் கலிகள், அக்குளில் ஒரு சிறு சதுரம். துணி வீணாவதில்லை, கை தாராளமாக உயரும். உடலோடு ஒட்டும் ஐரோப்பிய வெட்டோ வளைகோட்டை நம்புகிறது. மார்பின் மேட்டுக்கு இடம்தர, தட்டைத் துணியில் ஒரு முக்கோணத்தை மடித்துத் தைக்க வேண்டும். அதுவே டார்ட், கடையில் ‘டாட்’. தாளில் மார்பின் உச்சிப்புள்ளியை மையமாகக் கொண்டு, தோளிலுள்ள டாட்டை மூடினால், பக்கத்தில் வெட்டிய புதிய கோடு அதே கோணத்திற்குத் திறக்கிறது. டாட் மறைவதில்லை, இடம் மாறுகிறது. தோள் டாட்டையும் இடுப்பு டாட்டையும் ஒரே கோடாக இணைத்தால் அது பிரின்சஸ் கட். மார்பிடத்தைத் தனித்துண்டாகக் கிண்ணம்போல் வெட்டினால் கடோரி. இந்தியில் அச்சொல்லின் பொருளே சிறு கிண்ணந்தான்.

என் முதல் ஒட்டுக்கை தோற்றது. கை எளிதாக அசைய வேண்டுமென்று அக்குள் வளைவை ஓர் அங்குலம் கீழே இறக்கியிருந்தேன். “கையைத் தூக்குங்கம்மா” என்றார் மாஸ்டர். தூக்கினேன், ரவிக்கை முழுவதும் மேலேறியது. வளைவு அக்குளுக்கு நெருங்கியிருந்தால்தான் கை தனியே உயரும் என்பதை அவர் விளக்கவில்லை, சுண்ணக்கட்டியால் வரைந்து காட்டினார்.

தையல், மடிப்பு, நூல் என்று தைக்கும் வேலைக்கு நம் சொற்கள் உள. தெலுங்கிலும் ‘குட்டு’ என்றால் தைத்தல். வெட்டுவதற்கு மட்டும் ஏன் இத்தனை இரவல்? கடைகளில் கத்தரி கடைசியாகவே கைக்கு வருகிறது என்பது காரணத்தின் ஒரு பகுதி என எண்ணுகிறேன். காஜா எடுக்கும் பையன் பல ஆண்டுகள் காஜாவே எடுக்கிறான். வீட்டில் எந்திரம் மிதிக்கும் பெண்ணுக்கு மாஸ்டர் வெட்டிக் கொடுத்த துண்டுகள்தாம் வருகின்றன. வெட்டறிவு ஒருவர் கையிலேயே தங்கும்போது, அதன் பெயர்களும் வந்த மொழியிலேயே தங்கிவிடுகின்றன.

அண்மையில் நான் கண்ட ஒரு கலைச்சொற்பட்டியல் இவை அனைத்தையும் நீக்கிப் புதுச்சொற்களை இட்டிருந்தது. சொல்லாக்கத்தை நான் எதிர்ப்பவள் அல்லள். ஆனால் அப்பட்டியலை மனப்பாடம் செய்த மாணவி கடைக்குள் நுழைந்தால், எந்தக் கேள்வியையும் அங்கே புரியும்படி கேட்க முடியாது. ஐந்நூறு ஆண்டுத் தொடர்பின் தடயமும் சேர்ந்தே அழிகிறது. கடைச்சொல்லைத் தலைச்சொல்லாக வைத்து, புதுச்சொல்லை அதன் விளக்கமாக இடலாம் என்பது என் கருத்து.

நகரி, புத்தூர், 1960இல் சென்னை மாநிலத்தோடு இணைந்த திருத்தணி ஆகிய இடங்களின் கடைச்சொற்களையும் தொகுக்கத் தொடங்கியுள்ளேன். அக்குளில் வைக்கும் அந்தச் சதுரத்துண்டுக்கு உங்கள் ஊரில் என்ன பெயர்?