பழைய மோட்டார் சைக்கிளில் புறப்பாட்டு உதறல்

புறப்பாட்டு உதறல் என்பது, நின்றிருக்கும் மோட்டார் சைக்கிள் முதல் கியரில் நகரத் தொடங்கும்போது சீராக நகராமல் விட்டுவிட்டு இழுப்பது, அதிர்வது அல்லது பொறி அணைந்துவிடுவது ஆகிய கோளாறுகளைக் குறிக்கும். கார்புரேட்டரும் பாயிண்ட் வகைத் தீமூட்டலும் கொண்ட பழைய வண்டிகளில் இது பரவலாகக் காணப்படுகிறது. கிளட்ச், எரிபொருள், தீப்பொறி, சங்கிலி ஆகிய நான்கில் எதனாலும் இது ஏற்படலாம். காரணத்தைப் பிரித்தறியாமல் உதிரிப் பாகங்களை மாற்றுவது வீண் செலவாகும். சாலைச் சந்திப்பிலோ தொடருந்துக் கடவையிலோ வண்டி அணைந்துவிடுவது உயிருக்கும் இடராகும்.

எடுத்துக்காட்டு வண்டி

தமிழ்நாட்டில் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு ராயல் என்பீல்டு புல்லட் 350 ஆகும். இங்கிலாந்தின் ரெட்டிச் நகர நிறுவனத்துடன் மெட்ராஸ் மோட்டார்ஸ் இணைந்து 1955இல் என்பீல்டு இந்தியா நிறுவனத்தை உருவாக்கியது. சென்னை திருவொற்றியூரில் இதன் ஆலை அமைந்தது. புல்லட்டின் ஒற்றை உருளையின் விட்டம் 70 மிமீ, உந்துதண்டின் வீச்சு 90 மிமீ, கொள்ளளவு 346 கன செமீ. வார்ப்பிரும்பு உருளை கொண்ட இப்பொறியின் உற்பத்தி நின்றுவிட்டபோதிலும், இவ்வகை வண்டிகள் இன்றும் ஓடுகின்றன.

வலப்புறக் கியர் கொண்ட பழைய புல்லட்டில் முதல் கியர் மேல்நோக்கியும் ஏனைய மூன்றும் கீழ்நோக்கியும் விழும். இக்கால வண்டிகளில் பழகியவர் நியூட்ரலில் இருந்து கீழே மிதித்தால் விழுவது இரண்டாம் கியரே. அந்நிலையில் புறப்பட்டால் பழுதற்ற வண்டியும் உதறும். ஆகவே, முதலில் இதனை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

நகரும்போது நிகழ்வது

புறப்படும் கணத்தில் பொறி மெதுவாகச் சுழல்கிறது, பின்சக்கரம் நிற்கிறது. இவ்வேக வேறுபாட்டைக் கிளட்ச் தட்டுகள் உரசி வழுக்கிச் சமன் செய்கின்றன. ஒற்றை உருளைப் பொறியில் இரு சுழற்சிக்கு ஒருமுறையே எரிப்பு நிகழ்வதால், குறைந்த வேகத்தில் அடுத்தடுத்த உந்தல்களுக்கு இடையே நீண்ட இடைவெளி உண்டு. ஓர் எரிப்பு தவறினாலும் அதனை ஈடுசெய்யப் போதிய வேகம் சக்கரத்தில் இராது. அதிக வேகத்தில் மறைந்துவிடும் சிறு குறைகள் புறப்பாட்டில் வெளிப்படுவதற்கு இதுவே காரணம்.

பிரித்தறியும் சோதனை

பொறியைச் சூடாக்கி, வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் ஆக்சிலேட்டரை மெல்லத் திறக்க வேண்டும்.

* பொறி திணறினாலோ விட்டுவிட்டு ஓடினாலோ, குறை எரிபொருளில் அல்லது தீப்பொறியில் உள்ளது.
* பொறி சீராக ஏறி, சாலையில் கிளட்ச் பற்றும்போது மட்டும் வண்டி அதிர்ந்தால், குறை கிளட்சில் உள்ளது.
* கிளட்சை முழுதும் விட்ட பின்னரும் மெதுவான ஓட்டத்தில் உதைப்பு தொடர்ந்தால், சங்கிலியையும் பின்சக்கர ரப்பர்களையும் பார்க்க வேண்டும்.

சுமையின்றி நன்றாக ஓடும் பொறி சுமை ஏறும்போது எரிப்புத் தவறலாம். எனவே முதற் சோதனையில் தேறினாலும் பிளக்கையும் பாயிண்டையும் பார்த்துவிடுதல் நலம்.

கிளட்ச்

கிளட்ச் கேபிளில் தளர்வே இல்லாவிடில் தட்டுகள் முழுதாக அழுந்தாது வழுக்கும். பொறியின் வேகம் ஏறினாலும் வண்டி இழுக்காது. தளர்வு மிகுந்தால் தட்டுகள் முழுதாகப் பிரியா. கியர் போட்டவுடன் வண்டி முன்னே துள்ளும், நியூட்ரல் கிடைப்பதும் கடினமாகும்.

கேபிள் சரியாக இருந்தும் அதிர்வு நீடித்தால் வளைந்த எஃகுத் தட்டுகள், சமமாக முறுக்கப்படாத சுருள்விற்கள், தட்டின் பற்கள் உரசிப் பள்ளம் விழுந்த கிளட்ச் டிரம் ஆகியவற்றை ஆராய வேண்டும். தட்டுகள் இப்பள்ளங்களில் சிக்கி, பின்னர் திடீரென விடுபடுவதே அதிர்வாக உணரப்படுகிறது. நெடுநாள் நின்ற வண்டியில் தட்டுகள் எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும். கிளட்சைப் பிடித்தபடி கிக்கரைச் சிலமுறை மிதித்தால் அவை பிரியும்.

எரிபொருள்

ஆக்சிலேட்டர் சிறிதளவே திறந்திருக்கும்போது எரிபொருளை வழங்குவது கார்புரேட்டரின் பைலட் ஜெட் ஆகும். முதன்மை ஜெட்டின் பங்கு ஆக்சிலேட்டர் பெரிதும் திறந்த நிலையிலேயே முதன்மை பெறுகிறது. ஆகவே புறப்பாட்டு உதறலுக்காக முதன்மை ஜெட்டை மாற்றுவது பயன் தராது. பைலட் ஜெட்டின் நுண்துளையை உலர்ந்த பெட்ரோலின் பிசினும் தொட்டியின் துருவும் அடைத்துவிடும். கார்புரேட்டர் பொறியுடன் சேரும் இடத்தில் காற்றுக் கசிந்தாலும், உள்ளிருக்கும் ஸ்லைடு தேய்ந்தாலும் கலவை மெலிந்து ஐடிலிங் நிலையற்றதாகும்.

இந்தியாவில் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலப்பு 2025இல் எட்டப்பட்டது. எத்தனால் நீரை ஈர்க்கும். பழைய ரப்பர்க் குழாய்களையும் பாதிக்கக்கூடும். முழு எரிப்புக்கு அதற்குத் தேவையான காற்று பெட்ரோலைவிடக் குறைவு. ஆதலால் பழைய அமைப்பில் கலவை சற்று மெலியும்.

தீப்பொறி

பாயிண்டின் இடைவெளி புல்லட்டில் 0.35 முதல் 0.40 மிமீ வரை இருக்க வேண்டும். பாயிண்டின் குதிப்பகுதி தேயத் தேய இடைவெளி சுருங்கும், பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், தீப்பொறியும் தாமதமாகும். இதனால் இழுவை குறையும். மாறாக, வேகத்திற்கேற்ப தீப்பொறியை முன்னகர்த்தும் எடைகள் முன்னகர்ந்த நிலையில் சிக்கிக்கொண்டால், கிக்கர் திருப்பி உதைப்பதுடன் குறைந்த வேகத்தில் பொறி வெட்டி வெட்டி ஓடும்.

பிளக்கின் மைய மின்முனையைச் சுற்றியுள்ள வெண்ணிறப் பகுதி ஒரு பீங்கான் மின்காப்பி ஆகும். கடலூர் மாவட்டத்தின் விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். மின்காப்பிகளும் அங்கு செய்யப்பட்டுள்ளன. பொதுவாக மின்கம்பப் பீங்கான் வெண்களிமண், பெல்ட்ஸ்பார், குவார்ட்சு ஆகியவற்றால் ஆனது. பிளக்கில் அலுமினியம் ஆக்சைடு மிகுந்த பீங்கான் பயன்படுகிறது. உயர்வெப்பத்திலும் அது மின்னைத் தடுக்கும், வெப்பத்தையும் நன்கு கடத்தும். இப்பீங்கான் மேல் கரி படிந்தால் மின்சாரம் கரிவழியே கசிந்து பொறி பலவீனமாகும். நுனி இளம்பழுப்பாக இருந்தால் கலவை சரி. கருங்கரி மிகுகலவையைக் காட்டும். வெளுப்பு, மெலிந்த கலவை அல்லது மிகுவெப்பத்தைக் காட்டும். பீங்கானில் கீறல் இருப்பின் பிளக்கை மாற்றிவிட வேண்டும்.

சங்கிலி

தளர்ந்த சங்கிலியும் பின்சக்கரத்தின் தேய்ந்த அதிர்வுதாங்கி ரப்பர்களும் ஒவ்வோர் உந்தலையும் உதைப்பாக மாற்றும். சங்கிலி சீராகத் தேய்வதில்லை. எனவே சக்கரத்தைச் சுழற்றி, மிக இறுக்கமான இடத்திலேயே தளர்வை அளக்க வேண்டும்.

இருவீச்சுப் பொறிகள்

யெஸ்டி, யமாஹா ஆர்எக்ஸ் 100 போன்ற இருவீச்சு வண்டிகளில் மேலும் இரு காரணங்கள் உண்டு. சைலன்சரில் கரி அடைந்தால் புகை வெளியேறாது பொறி திணறும். வணரித்தண்டின் எண்ணெய்ச் சீல் கசிந்தால் அதன்வழியே காற்றுப் புகுந்து கலவை கெடும்.

பாதுகாப்பு

கார்புரேட்டரைக் கழற்றுமுன் பெட்ரோல் குழாயை மூடி, பொறி ஆறும்வரை காத்திருக்க வேண்டும். பெட்ரோல் சிந்திய இடத்தில் தீப்பொறியைச் சோதிக்கக் கூடாது. பழைய கிளட்ச், பிரேக் உராய்வுப் பட்டைகளில் கல்நார் இருக்கக்கூடும். அத்தூள் நுரையீரலுக்குத் தீங்கானது. அதனை ஊதியோ காற்றடித்தோ அகற்றாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* கார்புரேட்டர்
* கிளட்ச்
* பீங்கான்
* விருத்தாசலம்