பகைவனின் தாங்கி

விளையாட்டுப் பொருள்களின் வரலாறு மனிதனின் போர் வரலாற்றைப் பின்தொடர்ந்தே வந்திருக்கிறது. வில்லும் வாளும் போர்க்களத்திலிருந்து சிறுவர் கைக்கு வந்தன. தேரும் யானையும் குதிரையும் படைவகுப்பிலிருந்து சதுரங்கப் பலகைக்கு வந்தன. இவ்வரிசையிலே மிகப் பிந்தி வந்து சேர்ந்தது தாங்கி எனப்படும் இரும்புப் போர் ஊர்தி. அது பிறந்தது 1916ஆம் ஆண்டில். மின்திரையிலே விளையாட்டாகியது 1974ஆம் ஆண்டில். இவ்விரண்டுக்குமிடையே ஒரு மனித ஆயுட்காலங்கூட இல்லை.

யப்பானிய நிறுவனமாகிய நிண்டெண்டோ 2017ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 27ஆம் திகதி 'சுப்பர் மாரியோ ஒடிசி' என்னும் வீடியோ விளையாட்டை வெளியிட்டது. மீசை வைத்த சிறு மனிதனான மாரியோ, மேடைக்கு மேடை தாவி, தடைகளைக் கடந்து, பகைவரை வென்று முன்செல்வதே அந்த விளையாட்டு. அதிலே ஷேர்ம் என்னும் ஒரு பகைவன் வருகின்றான். அவன் மனிதனல்லன்; கண்கள் பொருத்திய ஒரு சிறு தாங்கி. மாரியோவைக் கண்டதும் குழலைத் திருப்பிக் குண்டெறிவான். ஆயினும் மாரியோ தன் தொப்பியை அவன்மீது வீசினால், கணப்பொழுதில் நிலைமை மாறிவிடுகிறது. மாரியோ அத்தாங்கிக்குள் புகுந்துவிடுகின்றான். தாங்கியின் தலையில் மாரியோவின் தொப்பி. முகத்தில் மாரியோவின் மீசை. இதுவரை மாரியோவை நோக்கிச் சுட்ட குழல், இப்போது விளையாடுபவரின் விரலுக்குக் கட்டுப்பட்டு ஏனைய தாங்கிகளை நோக்கித் திரும்புகின்றது.

இது வெறும் வேடிக்கை போலத் தோன்றலாம். எனினும் பகைவனின் தாங்கிக்குள் ஏறி அதை இயக்குதல் என்பது விளையாட்டிலே தோன்றிய கற்பனையன்று. அதற்கும் மெய்யான போர்க்களத்திலே ஒரு வரலாறு உண்டு.

முதலாம் உலக மகாயுத்தத்திலே பிரான்சின் மண்ணில் இரு தரப்பினரும் அகழிகளை வெட்டி, முட்கம்பிகளை இழுத்து, இயந்திரத் துப்பாக்கிகளை நிறுத்திக்கொண்டு, ஒருவரையொருவர் அசைக்க முடியாதவராய்க் கிடந்தனர். இந்த முடக்கத்தை உடைப்பதற்கு வழிகாணும் பொருட்டு, பிரித்தானியக் கடற்படை அமைச்சராயிருந்த வின்ஸ்டன் சேர்ச்சில் 1915ஆம் ஆண்டு பெப்ருவரி மாதத்தில் ஒரு குழுவை அமைத்தார். தரையிலே செல்லும் கப்பல் ஒன்றை ஆக்குவதே அக்குழுவின் நோக்கம். லிங்கன் நகரிலிருந்த தொழிற்சாலையொன்றில் அவ்வூர்தி உருவாயிற்று. பகைவர் ஒற்றர் அறியாதிருக்கும்படி, அது நீர் கொண்டுசெல்லும் கொள்கலம் என்று சொல்லப்பட்டது. அதனால் அதற்கு நீர்த்தாங்கியின் பெயராகிய 'டாங்க்' என்பதே பெயராகியது.

இங்கே தமிழ் நேயர்கள் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. இலங்கைத் தமிழிலே கூரைமேல் நீர் நிறைத்து வைப்பதும் தாங்கி. போர்க்களத்தில் குண்டெறிவதும் தாங்கி. ஆங்கிலேயர் ஒற்றரை ஏய்ப்பதற்காகச் சொன்ன பொய், ஒரு நூற்றாண்டின் பின்னரும் இந்நாட்டுத் தமிழ்ச் சொல்லிலே தங்கியிருக்கின்றது. பிறந்தபோதே மாறுவேடம் பூண்டு வந்த ஊர்தி அது. பின்னரும் அது பலமுறை வேடம் மாற்றியது.

1916ஆம் ஆண்டு செப்டெம்பர் 15ஆம் திகதி, சோம் நதிப் போரில், ஃபிளேர்ஸ் என்னும் கிராமத்தருகே தாங்கிகள் முதன்முதலாகக் களமிறங்கின. அன்று ஒதுக்கப்பட்டவை 49. புறப்பட வேண்டிய இடத்தை அடைந்தவை 32 மாத்திரமே. ஏனையவை வழியிலே பழுதடைந்தன. மணிக்கு நான்கு மைலுக்குக் குறைந்த வேகம், உள்ளே எண்மர். எண்மரும் இயந்திரத்தோடு ஒரே அறையில் இருந்தனர். இடையிலே தடுப்பு இல்லை. இயந்திரத்தின் வெப்பமும் நச்சுப் புகையும் உள்ளிருந்தோரை மயங்கச் செய்தன. வெளியே குண்டு பட்டால் உட்புறத்திலிருந்து உலோகச் சிராய் தெறித்து முகத்தைக் கிழித்தது. வெளியே நின்று பார்த்தவனுக்கு அது அசுரன்; உள்ளே இருந்தவனுக்கோ சூளை.

1917ஆம் ஆண்டு நவெம்பர் 20ஆம் திகதி கம்பிரே நகரின் அருகே பிரித்தானியர் நானூற்றுக்கும் மேற்பட்ட தாங்கிகளை ஒருங்கே செலுத்தி ஜேர்மன் அரணைப் பிளந்தனர். ஆனால் பத்து நாள் கழித்து ஜேர்மனியர் எதிர்த்தடித்து, இழந்த நிலத்திற் பெரும்பகுதியை மீட்டனர். அந்நிலத்திலே பழுதுற்றும் சேற்றிற் புதைந்தும் கைவிடப்பட்ட பிரித்தானியத் தாங்கிகள் பல கிடந்தன. ஜேர்மனியர் அவற்றை இழுத்துச் சென்று, பெல்ஜியத்தின் சார்லரோய் நகருக்கு அருகில் அமைத்த பட்டறையிலே பழுதுபார்த்தனர். பக்கங்களிற் பெரிய கறுப்புச் சிலுவைகளைத் தீட்டினர். பிறகு அவற்றைச் செய்தவர்மீதே அவற்றை ஏவினர்.

ஜேர்மனியர் தாமே ஆக்கிய 'ஏ7வி' என்னும் தாங்கிகள் இருபது மாத்திரமே. ஆதலால் 1918ஆம் ஆண்டிலே ஜேர்மன் சிலுவை தாங்கிக் களத்திற்கு வந்த தாங்கிகளுட் பெரும்பாலானவை லிங்கனிலும் பேர்மிங்காமிலும் வடிவெடுத்த பிரித்தானிய ஊர்திகளே. அவ்வாண்டு ஒக்டோபர் 8ஆம் திகதி, கம்பிரேக்கு அண்மையிலுள்ள நியேர்னி என்னும் கிராமத்தில் இவை பிரித்தானியத் தாங்கிகளை எதிர்கொண்டன. வருபவை தம்முடையவை என்றே பிரித்தானியர் முதலிற் கருதினர். சிலுவையைக் கண்டபோது இடைவெளி மிகக் குறுகியிருந்தது. அன்றைய சமரிலே பிரித்தானியரும் தாம் கைப்பற்றியிருந்த ஜேர்மன் பீரங்கியொன்றைத் திருப்பி, தம் நாட்டிலே பிறந்து பகைவரிடம் சென்ற தாங்கியைச் சுட்டனர். பிரித்தானிய ஊர்தியை ஜேர்மனியன் ஓட்ட, ஜேர்மன் பீரங்கியைப் பிரித்தானியன் இயக்கினான். யார் கருவி யார் கையில் என்பது அன்று முற்றாகத் தலைகீழாயிற்று.

இதற்கு மறுதலையான சான்று அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரிலே இருக்கின்றது. ஜேர்மனியர் செய்த இருபது தாங்கிகளுள் இன்று எஞ்சியிருப்பது 'மெபிஸ்டோ' என்னும் ஒன்றே. 1918ஆம் ஆண்டு யூலை மாதத்தில் பிரான்சிலே அதைக் கைப்பற்றியவர்கள் அவுஸ்திரேலியர். பெற்ற நாட்டிலே ஒன்றுகூட எஞ்சவில்லை. பறித்த நாடு காப்பாற்றி வைத்திருக்கின்றது.

இரண்டாம் உலக மகாயுத்தத்திலும் இவ்வழக்கம் தொடர்ந்தது. ஜேர்மனியர் சோவியத் தாங்கிகளை இயக்கினர். 1942ஆம் ஆண்டு பிலிப்பைன்ஸில் யப்பானியர் அமெரிக்கரின் இலகுரகத் தாங்கிகளைக் கைப்பற்றித் தம் படையிற் சேர்த்தனர். ஆனால் யப்பானியரின் நினைவில் ஆழப் பதிந்த அமெரிக்கத் தாங்கி வேறொன்று. அது ஷேர்மன். அமெரிக்க உள்நாட்டுப் போரின் தளபதியொருவர் பெயரைத் தாங்கிய அவ்வூர்தி, 1942 முதல் 1945 வரை ஏறத்தாழ 49,000 ஆக்கப்பட்டது. 1945ஆம் ஆண்டு ஐவோ ஜீமாவிலும் ஒக்கினாவாவிலும் அதை எதிர்ப்பதற்குப் போதிய கருவியில்லாத யப்பானிய வீரர்கள், வெடிமருந்தைக் கையிலேந்தி ஓடிச்சென்று அதனோடு மோதி மாண்டனர். அடுத்த பத்தாண்டிலே, அமெரிக்கா வழங்கிய அதே ஷேர்மன் தாங்கிகளை யப்பானின் புதிய தற்காப்புப் படையினர் இயக்கினர். பகைவனின் தாங்கி மீண்டும் கைமாறியது. இம்முறை பறித்ததனாலன்று, உடன்படிக்கையினால். மாரியோவின் விளையாட்டில் வரும் ஷேர்ம் என்னும் பெயர் இந்த ஷேர்மனையே நினைவூட்டுகின்றது.

போர்க்களத்திலிருந்து திரைக்கு வந்த வழியும் அறியத்தக்கது. 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் 'டாங்க்' என்ற பெயரிலே இருவர் எதிரெதிரே ஆடும் மின்பொறி விளையாட்டு வெளியாயிற்று. 1980ஆம் ஆண்டு அட்டாரி நிறுவனத்தின் 'பற்றில்சோன்' வந்தது. பெட்டியின் நோக்குக்குழாய் வழியே கண்ணை வைத்தால், பச்சைக் கோடுகளாலான பாலைவெளியும் தூரத்து எரிமலையும் நெருங்கிவரும் பகைத் தாங்கியும் தோன்றும். அதைக் கண்ட அமெரிக்க இராணுவத்தினர், பிராட்லி என்னும் கவச ஊர்தியிற் சுடுவோரைப் பயிற்றுவதற்கு அவ்விளையாட்டை மாற்றித் தரும்படி கேட்டனர். அதனை ஆக்கிய எட் றொற்பேர்க் இதை விரும்பவில்லை. இத்தகைய வேலையை மறுபடி தம்மிடம் தரலாகாது என்ற நிபந்தனையோடே செய்து முடித்தார். போரிலிருந்து விளையாட்டுக்கு வந்த பொருள் ஆறே ஆண்டுகளில் விளையாட்டிலிருந்து போருக்குத் திரும்பும் வழியை அறிந்துகொண்டது. அவ்வழியிலே முதன்முதலாகத் தயங்கி நின்ற மனிதர்களுள் அவர் ஒருவர்.

யப்பானிலோ தாங்கி வேறு வகையில் வளர்ந்தது. 1985ஆம் ஆண்டு நம்கோ நிறுவனத்தின் 'பற்றில் சிற்றி' என்னும் விளையாட்டிலே செங்கற் சுவர்களிடையே சிறு தாங்கிகள் ஓடின. 1996ஆம் ஆண்டின் 'மெட்டல் ஸ்லக்' விளையாட்டிலே வீரன் ஓடியும் தாவியும் சென்று தாங்கிக்குள் ஏறிக்கொண்டான். பகைவரால் பறிக்கப்பட்ட அத்தாங்கிகளை மீட்பதே கதை. 1985ஆம் ஆண்டின் 'சுப்பர் மாரியோ பிரதர்ஸ்' விளையாட்டிலே பகைவனைக் கண்டால் தாவி மிதிப்பதே வழி. 32 ஆண்டுகள் கழித்து அதே மாரியோ, பகைவனை மிதிப்பதற்குப் பதிலாகப் பகைவனாகவே மாறக் கற்றுக்கொண்டான்.

இம்மாற்றம் யப்பானிய மண்ணுக்குப் புதிதன்று. யப்பானியரின் சதுரங்கமாகிய ஷோகியிலே ஒரு விதி உண்டு. பிறநாட்டுச் சதுரங்கத்தில் வெட்டுண்ட காய் பலகையை விட்டு நீங்கிவிடும். ஷோகியிலோ வெட்டுண்ட காய், வெட்டியவன் கைக்குச் சென்று, அவன் பக்கத்துக் காயாக மீண்டும் பலகைக்கு வரும். இரு தரப்புக் காய்களுக்கும் நிறம் ஒன்றே. எத்திசை நோக்குகிறது என்பதைக் கொண்டே யாருடையது என்று அறிவர். யுத்தத்தின் பின் யப்பானை ஆண்ட அமெரிக்க அதிகாரிகள், இவ்விதி போர்க்கைதிகளை வருத்தும் செயலையொத்ததன்றோ என்று வினவியதாகவும், ஷோகியிலே யாரும் கொல்லப்படுவதில்லை, பிடிபட்டவனுக்கும் அவன் தகுதிக்கேற்ற பணி வழங்கப்படுகின்றது என்று தாம் விடையிறுத்ததாகவும், புகழ்பெற்ற ஆட்டக்காரரான மசுடா கோசோ பிற்காலத்திற் கூறியுள்ளார்.

அதிகாரிகளின் வினாவும் பொய்யன்று. ஆட்டக்காரரின் விடையும் பொய்யன்று. கைப்பற்றுதல் என்பதற்கு இரண்டு முகங்கள் உண்டு. கம்பிரேயிலே தாங்கி கைப்பற்றப்பட்டபோது, இரும்பு பணியைத் தொடர்ந்தது. அதனுள் இருந்த மனிதருட் சிலர் சிறையிடப்பட்டனர் அல்லது மாண்டனர். இரும்புக்குப் பக்கம் மாறுவது எளிது. அதற்கு நாடில்லை, நினைவில்லை, வீட்டிலே காத்திருப்போர் இல்லை. பகைமை என்பது இரும்பினுள் இல்லை; அதை இயக்கும் கையிலேயே இருக்கின்றது.

எனினும் சார்லரோய்ப் பட்டறையிலிருந்து புறப்பட்ட தாங்கிகள் வேறோர் உண்மையையும் உணர்த்தின. அவற்றுள் ஏறிய ஜேர்மனியர், முன்பு அதே இடத்தில் அமர்ந்திருந்த பிரித்தானியர் பட்ட வெப்பத்தையே பட்டனர். அதே புகையையே சுவாசித்தனர். அதே சிறு துளைவழியே உலகைப் பார்த்தனர். வெளியிலிருந்து அசுரனாய்த் தோன்றியது, உள்ளே மூச்சுத் திணறும் எட்டு மனிதரே என்பதை அறிய வேறு வழியில்லை.

இலங்கையிலும் 2009ஆம் ஆண்டு மே மாதம் வரை நீடித்த போரிலே, சங்கிலிச் சக்கரத்தின் ஓசையை நேரிலே கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறை உண்டு. அவர்களுடைய பிள்ளைகளுக்கு இன்று தாங்கி என்பது கண் சிமிட்டும் ஒரு திரைப் பொம்மை. அப்பொம்மை ஆடக் கூடாததன்று. ஆனால் அதன் பின்னால் இருக்கும் மெய்யை எடுத்துச் சொல்வது பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் உரிய கடமையாகும். திரையிலே பகைவனின் இடத்தில் அமர்வதற்கு ஒரு தொப்பியை வீசினாற் போதும். மெய்யுலகிலே அதற்குப் பொறுமையும் பரிவும் வேண்டும். மாரியோ தாங்கியை விட்டிறங்கித் தன் வழியே நடக்கின்றான். கம்பிரேயின் தாங்கிகளிலிருந்து அவ்வாறு இறங்கி நடக்க எல்லோராலும் இயலவில்லை.