சிறப்புக் கல்வியில் பெற்றோர் – ஒரு வரலாற்றுப் பார்வை

சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளின் கல்வியில் பெற்றோரையும் இணைத்துக்கொள்ள வேண்டும் என்பது ஆசிரியர் பயிலரங்குகளில் அடிக்கடி ஒலிக்கும் கருத்தாகும். ஏதோ கல்வியாளர்கள் கூடிச் சிந்தித்துப் பெற்றோருக்கு வழங்கிய சலுகை போலவே அது பெரும்பாலும் எடுத்துரைக்கப்படுகிறது. வரலாற்றைப் புரட்டினால் நேர்மாறான நிலையையே காண்கிறோம். பிரிட்டனின் அனுபவம் இதற்குத் தக்க சான்றாகும்.

அனைவருக்கும் இடைநிலைக் கல்வியைத் திறந்துவிட்டது எனப் போற்றப்படுவது அந்நாட்டின் 1944-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். அதே சட்டத்தின் 57-ஆம் பிரிவோ, ஒரு பிள்ளையைப் 'பள்ளியில் கல்வி பெற இயலாதவர்' என முத்திரை குத்தவும் இடமளித்தது. அத்தகைய பிள்ளை கல்வித் துறையின் பொறுப்பிலிருந்து நீங்கிச் சுகாதாரத் துறையின் பொறுப்பாகிவிடும். சிலர் பயிற்சி நிலையங்களுக்கு அனுப்பப்பட்டனர்; சிலர் மருத்துவமனைகளிலேயே வளர்ந்தனர்; வேறு சிலர் வீட்டோடு முடங்கினர்.

இந்நிலையில், 1946-இல் ஜூடி ஃபிரைட் என்னும் தாய் 'நர்சரி வோர்ல்ட்' இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். கற்றல் குறைபாடுடைய மகளுக்குத் தகுந்த பள்ளி கிடைக்காமல் அலைந்தவர் அவர். தம்மைப் போன்ற பெற்றோர் ஒன்றுசேர வேண்டும் என்பதே அவர் விடுத்த அழைப்பு. பதில்கள் வந்து குவிந்தன. அவ்வாண்டே 'பின்தங்கிய பிள்ளைகளின் பெற்றோர் சங்கம்' உருவாயிற்று. (இப்பெயர் இன்று நம் காதுக்கு நெருடலாகவே இருக்கிறது. அக்காலத்தில் அதனினும் கடுமையான சொற்கள் அரசு ஆவணங்களிலேயே இருந்தன.) அச்சங்கமே பின்னாளில் 'மென்கேப்' எனப் பெயர் பெற்றது.

அப்பெற்றோர் முறையிடுவதோடு நின்றுவிடவில்லை என்பதுதான் என்னை மிகவும் கவர்ந்த செய்தி. 1958-இல் அவர்களது சங்கத்தின் நிதியுதவியுடன் ஓர் ஆய்வு தொடங்கியது. உளவியலாளர் ஜாக் டிசார்ட், இலண்டனிலிருந்த ஃபவுண்டன் மருத்துவமனையிலிருந்து 16 பிள்ளைகளைப் புரூக்லேண்ட்ஸ் என்னும் இல்லத்திற்கு அழைத்துச் சென்றார். அங்கே பெரிய மருத்துவமனைக் கூடம் இல்லை. குடும்பத்தைப் போன்ற சிறு குழுக்கள், விளையாட்டு, பேச்சு இவையே இருந்தன. இரண்டு ஆண்டுகளில் அப்பிள்ளைகளின் பேச்சுத் திறன், மருத்துவமனையிலேயே தங்கிவிட்ட ஒத்த நிலைப் பிள்ளைகளைவிடத் தெளிவாக வளர்ந்திருந்தது. 'இவர்களால் கற்க இயலாது' என்ற கூற்றுக்குப் பெற்றோர் சேர்த்த பணமே மறுப்புச் சான்றைத் தேடித் தந்தது எனலாம்.

1970-ஆம் ஆண்டுச் சட்டம் 1971 ஏப்ரலில் நடப்புக்கு வந்தபோது, இங்கிலாந்திலும் வேல்சிலும் அந்த முத்திரை நீங்கியது. மேரி வார்னாக் தலைமையிலான குழுவின் 1978-ஆம் ஆண்டு அறிக்கை, பெற்றோரைப் 'பங்காளிகள்' என்றே அழைத்து அதற்கென ஒரு தனி அத்தியாயத்தை ஒதுக்கியது. வழிகாட்டல் நாடும் பெற்றோர் அலுவலகம் அலுவலகமாக அலையாமலிருக்க, அவர்களுக்கென ஒருவரைப் பெயர் குறிப்பிட்டு நியமிக்க வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. 1981-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், பிள்ளைக்கான ஏற்பாடுகளை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமையைப் பெற்றோருக்கு வழங்கியது.

அமெரிக்காவிலும் பெற்றோர் சங்கமே பென்சில்வேனியா மாநிலத்தை நீதிமன்றத்திற்கு இழுத்தது. அத்தகைய வழக்குகளின் பின்னணியில் 1975-இல் பிறந்த சட்டம், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாள் கல்வித் திட்டம் வேண்டும் என்றும், அதை வகுக்கும் கூட்டத்தில் பெற்றோர் இடம்பெற வேண்டும் என்றும் விதித்தது.

நம் சிறப்புக் கல்வி வகுப்புகளில் ஆர்.பி.ஐ. என நாம் நிரப்பும் படிவமும் இத்தகைய திட்டமே. அதில் பெற்றோர் கையொப்பமிடும் இடம் ஒன்றுண்டு. எல்லாக் கட்டங்களையும் நாமே நிரப்பி முடித்தபின், வேலைக்கு அரைநாள் விடுப்பெடுத்து வந்த தாயிடம் அந்த இடத்தை மட்டும் சுட்டிக்காட்டுவது என் பார்வையில் கலந்துரையாடல் ஆகாது. பிள்ளை வீட்டில் எதைத் தானே செய்கிறான், எந்த ஓசைக்கு அஞ்சுகிறான், யார் சொன்னால் கேட்கிறான் என்பனவற்றை அந்தத் தாயே அறிவார். முதல் கட்டத்தை நிரப்புமுன் அவரிடம் கேட்கப்பட வேண்டிய வினாக்கள் இவை.