குழந்தை வந்த வீடும் தோட்டத்துக்குப் போன நாயும்

திருப்பூர், அவிநாசி, பல்லடம் வட்டாரங்களில் ஒரு வீட்டுக்குக் கைக்குழந்தை வரும்போது, அதுவரை அங்கே வளர்ந்த நாயை உறவினர் ஒருவரின் தோட்டத்தில் கொண்டுபோய் விடுவது பரவலான வழக்கமாக இருக்கிறது; அது பெரியவர்கள் காலந்தொட்டு வருகிற முறை என்று அதற்கு நியாயம் சொல்பவர்களும் உண்டு. ஆனால் இவ்வட்டாரத்தின் குடியிருப்பு வரலாற்றையும் தொழில் வரலாற்றையும் சேர்த்துப் பார்த்தால், இந்த வழக்கத்துக்கு இரண்டு தலைமுறைக்கு மேல் வயதிருக்க முடியாது என்பது புலப்படும். பனியன் தொழில் நாய்களைப் பற்றி ஒருபோதும் கவலைப்பட்டதில்லை. இருந்தும் நாயை முதலில் வீட்டுக்குள் கொண்டுவந்ததும், பிறகு வெளியே அனுப்பியதும் அத்தொழில் உண்டாக்கிய வாழ்க்கைதான்.

கொங்கு வழக்கில் மழையை நம்பிய புன்செய் நிலம் காடு எனப்படும். கிணற்றுப் பாசனமுள்ள நிலம் தோட்டம் எனப்படும். எஃப். ஏ. நிக்கல்சன் 1887-இல் வெளியிட்ட கோயம்புத்தூர் மாவட்டக் கையேடு இந்தக் கிணற்று வேளாண்மைக்குப் பல பக்கங்களை ஒதுக்குகிறது. எருதுகளை முன்னும் பின்னும் நடத்தித் தோற்பையால் நீர் இறைக்கும் கவலை விடியுமுன்பே தொடங்கிவிடும் என்பதாலும், பயிருக்கும் மாட்டுக்கும் இரவுக் காவல் வேண்டியிருந்ததாலும், உழவர் குடும்பங்கள் பல ஊர் நத்தத்தில் நெருங்கி வாழாமல், ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்துக்கும் அப்பால் தத்தம் கிணற்றருகே சாளை போட்டு வாழ்ந்தன. சாளை என்பது தோட்டத்திலேயே அமைந்த கூரைவீடு. இப்படிச் சிதறிக் கிடந்த குடியிருப்பில் நாய் இல்லாத வீடு அரிது. வாசலும் களமும் ஆட்டுப்பட்டியுமே அதன் எல்லையாக இருந்தன. கம்பஞ்சோற்றின் மிச்சமும் மோருமே அதன் உணவாக இருந்தன. வாசற்படியைத் தாண்டி உள்ளே நுழைந்தால் அடி விழும்.

ஆகவே அந்த வீட்டில் குழந்தை பிறந்தபோது நாயின் நிலையில் எந்த மாற்றமும் நேரவில்லை. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடந்தது. கட்டுச்சோற்று விருந்து எனப்படும் சடங்கில் பெண் வீட்டார் பலவகைச் சோறு கட்டி வந்து விருந்திட்டுக் கர்ப்பிணியை அழைத்துப் போவார்கள். சில மாதம் கழித்துப் பிள்ளையோடு அவள் திரும்பி வரும்போது, பிள்ளை உத்தரத்தில் கட்டிய தூளியிலும் நாய் களத்திலும் இருக்கும். தரையில் ஊரும் தேள், பூரான் எல்லாவற்றிலிருந்தும் பிள்ளையைப் பிரித்து வைத்த அதே உயரம் நாயிடமிருந்தும் பிரித்து வைத்தது. பேறுகாலத் தீட்டும் தன் பங்குக்கு அந்த அறையை மூடி வைத்தது. இந்த ஏற்பாட்டைப் பழமையின் மேன்மை என்று கொண்டாட வேண்டியதில்லை. நாயைப் பொருட்படுத்தாததால் கிடைத்த அமைதி அது.

காங்கயம், தாராபுரம், மூலனூர் பகுதிகளில் நாயின் வேலை இன்னும் குறிப்பானது. அங்குள்ள கொறங்காடு என்பது முள்ளுக்கிளுவை வேலி அடைத்து, வெள்வேல மரங்களுக்கிடையே கொழுக்கட்டைப் புல் வளரவிட்ட தனியார் மேய்ச்சல் நிலம். காங்கயம் மாடுகளும் மயிலம்பாடி, மேச்சேரி ஆடுகளும் அதில் மேய்ப்பனின் துணை அதிகம் தேவைப்படாமலே வளர்ந்தன. வேலியே பகலில் மேய்ப்பனாக இருந்ததால், மந்தையை ஓட்டிச் செல்லும் மலைநாட்டு நாய்களின் திறமை இங்கே தேவைப்படவில்லை. இரவில் பட்டியருகே படுத்து நரிக்கும் திருடனுக்கும் குரைப்பதே பட்டி நாயின் கடமை.

இந்த மண்ணின் கதை மரபில் வீட்டில் விடப்பட்ட நாய் ஒன்று முக்கிய இடம் பெற்றிருப்பது கவனிக்கத்தக்கது. பொன்னர், சங்கர் என்னும் உடன்பிறந்தார் வரலாற்றைப் பாடும் அண்ணன்மார் கதையை, கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965-இல் காங்கயம் அருகே ஓலப்பாளையத்தில் தங்கியிருந்தபோது முழுமையாக ஒலிப்பதிவு செய்தார். அதில் கொம்பன் என்ற மாபெரும் காட்டுப்பன்றியை வேட்டையாட அண்ணன்மார் எல்லா நாய்களையும் திரட்டிக்கொண்டு புறப்படுகையில், பொன்னாச்சி என்ற சின்னஞ்சிறு பெட்டை நாயை மட்டும் மறந்துவிடுகிறார்கள். தன்னை விட்டுப்போன கோபத்தில் அது சபிக்க, வேட்டைக்குப் போனவர்கள் முடங்கிப்போகிறார்கள். அதை வருந்தி அழைத்து வந்த பிறகே பன்றி வீழ்கிறது. காவலுக்கும் வேட்டைக்கும் பயன்படும் பிராணி என்ற அளவில் மட்டும் நாயைக் கண்ட சமூகம் இப்படியொரு நிகழ்ச்சியைக் கதையின் நடுவே வைத்திருக்காது. வீட்டார் மீது நாய்க்கு ஓர் உரிமை உண்டு, அதை மறந்தால் தண்டனையும் உண்டு என்ற எண்ணம் அதில் தெரிகிறது. கொங்குக்கு வெளியே, செங்கம் பகுதியில் உள்ள எடுத்தனூர் நடுகல், ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் ஆட்சியில், தலைவன் இறந்தபின்பும் கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாயைப் பெயர் சொல்லிப் பதிவு செய்திருப்பதும் இத்துடன் சேர்த்து எண்ணத்தக்கது.

நாய் வீடு மாறுவது என்பதும் தமிழகத்துக்குப் புதிதன்று. தென்மாவட்டக் கரிசல் பகுதியில் கன்னி இன நாய்க்குட்டியை விலைக்கு விற்காமல், நன்றாக வைத்துக்கொள்வதாக வாக்கு வாங்கிக்கொண்டு கொடுப்பதும், மணப்பெண்ணுக்குச் சீராக அனுப்புவதும் மரபாகச் சொல்லப்படுகின்றன. அங்கே நாய் கைமாறியது மதிப்பின் அடையாளமாக. பிற்காலத் திருப்பூரில் அது கைமாறியது இடமின்மையால். பின்னாளில் அதே தென்மாவட்டங்களிலிருந்து பல்லாயிரம் குடும்பங்கள் பனியன் வேலைக்கு இங்கே வந்து சேர்ந்தன.

இடையில் அச்சத்தின் வரலாறு ஒன்று உண்டு. 1900-இல் இமயச்சாரலின் கசௌலியில் பாஸ்டர் நிறுவனம் தொடங்கப்படும் வரை, வெறிநாய் கடித்த இந்தியருக்கு நாட்டுக்குள் தடுப்பு மருந்தே கிடையாது. 1902-இல் தென்னிந்தியாவில் ஓர் ஆங்கிலேயப் பெண் வெறிநாய்க்கடி நோயால் இறந்ததைத் தொடர்ந்து, அமெரிக்கச் செல்வர் ஹென்றி பிப்ஸ் அளித்த கொடையின் துணையோடு 1907-இல் குன்னூரில் தென்னிந்திய பாஸ்டர் நிறுவனம் திறக்கப்பட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலைரயில் 1899-இலேயே ஓடத் தொடங்கியிருந்ததால், கோவை மாவட்டத்து உழவருக்கு இந்த மருந்து ஒருநாள் பயணத்தில் எட்டியது. டேவிட் செம்பிள் கசௌலியில் 1911-இல் உருவாக்கிய முறைப்படி, ஆட்டு மூளையிலிருந்து செய்த மருந்தே பிறகு நாடெங்கும் வழங்கியது. தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசிகளைச் சொல்லிப் பிள்ளைகளை நாயிடமிருந்து விலக்கி வைக்கும் பேச்சு அதிலிருந்து பிறந்தது. அந்த மருந்தின் உற்பத்தி இந்தியாவில் 2005 வாக்கில் நின்று, புயத்தில் போடும் சில ஊசிகள் அதன் இடத்தைப் பிடித்துவிட்டன. பயம் மட்டும் பழைய கணக்கிலேயே நிற்கிறது. அந்தப் பயத்தை அறியாமை என்று தள்ளிவிடவும் முடியாது. வெறிநாய்க்கடிக்கு உலகில் பலியாவோரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியர் என்றும், கடிபடுவோரில் ஏறத்தாழ நாற்பது விழுக்காட்டினர் பதினைந்து வயதுக்குட்பட்டோர் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது.

இனி ஊரின் மாற்றம். திருப்பூரின் முதல் பின்னலாடை ஆலை என்று பொதுவாகச் சொல்லப்படுவது 1925-இல் தொடங்கிய பேபி நிட்டிங் இண்டஸ்ட்ரீஸ். அரை நூற்றாண்டு உள்நாட்டுக்கு வெள்ளை பனியன் பின்னி அனுப்பிய ஊருக்கு 1978-இல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் வந்தார். 1981-இல் சி அண்டு ஏ என்ற ஐரோப்பியக் கடைத்தொடர் வந்தது. 1984-இல் பஞ்சப்படி கேட்டுத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தம் 127 நாள் நீண்டது. அதன் பிறகு ஏற்றுமதி ஏறிய வேகத்தில், நிலத்தை விற்றோ கிணற்றுத் தோட்டத்தை அடகு வைத்தோ தறியும் தையல் இயந்திரமும் வாங்கிய உழவர்கள் முதலாளிகளானார்கள். மதுரை, தேனி, திண்டுக்கல், இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்காகத் தோட்டங்களின் ஓரத்தில் லைன் வீடுகள் எழும்பின. லைன் வீடு என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய ஓரறை, ஈரறை வாடகை வீடுகள்; குழாயும் கழிப்பறையும் பொது. வாசலும் களமும் இல்லாத இந்த வீட்டில் நாய்க்குத் தனி இடம் என்று ஒன்று கிடையாது; வளர்த்தால் அறைக்குள்தான் வளர்க்க வேண்டும், அதற்கும் வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும்.

முதலாளிகளின் புதிய மாடி வீடுகளில் வேறொரு வழியாக அதே நிலை வந்தது. 1980-களிலும் 90-களிலும் நடுத்தர இந்தியா முழுவதையும் ஆட்கொண்ட பொமரேனியன் என்ற சடைநாயும், 2003-இல் ஒரு கைப்பேசி விளம்பரத்தால் புகழடைந்த பக் நாயும், பின்னர் லாப்ரடாரும் வெயிலில் களங்காக்க வந்தவை அல்ல. அவை சோபாவில் ஏறின. பட்டி நாயின் பேரப்பிள்ளைகள் காலத்தில் மின்விசிறிக்குக் கீழே படுத்த முதல் நாய்கள் இவைதான். வீட்டுக்குள் வந்த பிறகே நாய் குழந்தையின் போட்டியாளராக முடிந்தது.

நாயை அனுப்புவது பெரும்பாலும் குழந்தை வீட்டுக்கு வந்த பிறகு நடப்பதாக எண்ணுவது சரியன்று. கட்டுச்சோற்று விருந்தோடே அதற்கான சூழல் உருவாகிவிடுகிறது. மனைவி தாய்வீடு போய்விட, கணவன் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவில் திரும்ப, சோறு வைக்கவும் வெளியே கூட்டிப் போகவும் ஆளில்லாமல் நாய் பல மாதம் பூட்டிய வீட்டில் கிடக்கிறது. வளைகாப்புக்கும் பெயர்சூட்டுக்கும் இடைப்பட்ட இந்த வெற்றிடமே நாயின் பயணத்தை முடிவு செய்கிறது. முடி பறந்து குழந்தைக்கு இளைப்பு வரும் என்பது பின்னால் சேர்க்கப்படும் காரணம். பனியன் கம்பெனிகளில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள் என்பதும், பேறுகால விடுப்பை இருபத்தாறு வாரமாக்கிய 2017-ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் ஜாப் ஒர்க் எனப்படும் சிறு உட்பட்டறைகளை நடைமுறையில் அதிகம் தொடவில்லை என்பதும் இங்கே நினைவில் கொள்ளத்தக்கவை. குழந்தையைப் பார்க்கவே ஆள் தேடும் வீட்டில் நாயைப் பார்க்க ஆள் கிடைப்பதில்லை.

மருத்துவக் காரணங்களில் சரியும் தவறும் கலந்திருக்கின்றன. கர்ப்பிணியின் கருவைத் தாக்கும் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனையின் கழிவோடு தொடர்புடையது. அந்தப் பழி இங்கே நாயின் மேல் விழுந்துவிட்டது. குடற்புழு நீக்காத நாயிடமிருந்து தவழும் பிள்ளைக்கு உருளைப்புழு தொற்றலாம் என்பது உண்மை. பின்லாந்தில் 397 குழந்தைகளை முதல் பிறந்தநாள் வரை தொடர்ந்து கவனித்து 2012-இல் வெளியான ஆய்வு, நாயுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குச் சளியும் காதுநோயும் குறைவாகவே வந்தன என்றது. ஆனால் பின்லாந்து வீடுகளையும் எட்டுக்குப் பத்தடி லைன் வீட்டையும் ஒரே தட்டில் வைத்து முடிவு சொல்ல முடியாது.

இந்த வழக்கத்தில் பேசப்படாத ஒன்று, அது நிலவுடைமையைச் சார்ந்தது என்பதாகும். பெருமாநல்லூரிலோ குன்னத்தூரிலோ பங்காளிக்குத் தோட்டம் உள்ள முதலாளி வீட்டு நாய்க்குத்தான் தோட்டம் உண்டு. தேனியிலிருந்து வந்த டெய்லருக்கும், இன்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து, தைத்த ஆடையைச் சரிபார்க்கும் செக்கிங்கில் நிற்கும் தொழிலாளிக்கும் அப்படியொரு உறவில்லை. அவர்கள் விட்டுச்செல்லும் நாய் இறைச்சிக்கடைத் தெருவிலோ புறவழிச்சாலையிலோ இறங்குகிறது. பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமே. முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து முதல் ஐம்பது ரூபாய், அதாவது ஒரு வேளைச் சாப்பாட்டின் விலைகூட இல்லை.

நாயை ஏற்றுக்கொண்ட தோட்டமும் பழைய தோட்டமாக இல்லை. சாயப்பட்டறைகளின் கழிவு நொய்யல் ஆற்றில் இறங்கி, 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கிணறுகளை உப்பாக்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது, நதிக்கரைத் தோட்டங்கள் பல ஏற்கெனவே மனையிடங்களாகிவிட்டிருந்தன. பிள்ளைகள் ஊருக்குள் குடிபோக, தோட்டத்து வீட்டில் எஞ்சியவர்கள் முதியவர்கள். ஓடவும் குரைக்கவும் பழகாத லாப்ரடார் அங்கே காவலுக்கு ஆவதில்லை. அவிழ்த்துவிட்டால் தெருநாய்க் கூட்டத்தோடு சேர்கிறது அல்லது அதனிடம் கடிபடுகிறது. 2024 இறுதியிலிருந்து காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் பகுதிகளில் நாய்க்கூட்டங்கள் இரவில் கொறங்காட்டு வேலியைத் தாண்டிப் பட்டிகளில் புகுந்து ஆடுகளைக் கடித்துக் குதறியதும், உழவர்கள் செத்த ஆடுகளைச் சாலையில் கிடத்தி மறியல் செய்ததும், 2025-இல் அரசு அந்த இழப்புக்கு நிவாரணம் அறிவித்ததும் அண்மைச் செய்திகள். அக்கூட்டங்களில் எத்தனை நாய்கள் ஒரு காலத்தில் ஏதோ ஒரு வீட்டின் செல்லமாக இருந்தவை என்பதைக் கணக்கெடுக்க எந்த அலுவலகத்திலும் ஒரு பதிவேடு இல்லை. நாய்களுக்கான கருத்தடை விதிகள் 2001-இலும் 2023-இலும் எழுதப்பட்டபோதும் நாயின் பழைய சொந்தக்காரரைத் தேடும் ஏற்பாடு செய்யப்படவில்லை.

2024 நவம்பரில் பல்லடம் அருகே ஒரு தோட்டத்து வீட்டில் முதியவர்களும் மகனும் கொல்லப்பட்ட பிறகு, தனித்திருக்கும் சாளைகளில் நாயின் தேவை மறுபடியும் பேசப்படுகிறது. ஆனால் இப்போது தேடப்படுவது இராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கோம்பையும், அவையும் குட்டியாகவே வேண்டும். ஊருக்குள்ளிருந்து ஐந்து வயதில் வரும் சடைநாயைப் பங்காளிகூட யோசித்துத்தான் வாங்கிக்கொள்கிறார்.