ஓம் போட்ட தப்புக் கணக்கு

முதலாண்டு மின்னியல் ஆய்வகத்தை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். ஒரு பழைய பேட்டரி, ரியோஸ்டாட், அம்மீட்டர், வோல்ட்மீட்டர். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை. இரண்டையும் பெருக்கினால் மின்திறன். இவ்வளவுதான் பாடம். ஆனால் அம்மீட்டரைப் பார்த்து எழுதிவிட்டு வோல்ட்மீட்டருக்கு வருவதற்குள் முள் இறங்கியிருக்கும். என் புள்ளிகள் நேர்கோட்டில் நிற்கவே இல்லை. பக்கத்து நண்பன், "கோட்டை முதல்ல போடுடா, ரீடிங்கை அப்புறம் எழுதிக்கலாம்" என்றான். அப்படியே செய்தேன். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்தும் கிடைத்தது.

அந்த விதிக்குச் சொந்தக்காரருக்கும் இதே தொல்லைதான் வந்தது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

ஜார்ஜ் சைமன் ஓம், ஜெர்மனியின் எர்லாங்கனில் 1789-இல் பூட்டுத் தொழிலாளி ஒருவருக்கு மகனாகப் பிறந்தவர். கொலோன் நகரில் பள்ளி ஆசிரியர். கம்பியின் நீளம் கூடினால் மின்னோட்டம் எவ்வளவு குறையும் என்று அளந்து, 1825-இல் ஒரு சூத்திரத்தை வெளியிட்டார். அது தப்பு! காரணம், அவருடைய மின்கலம். ஓட ஓட அது சோர்ந்துபோகும்.

ஆய்விதழ் ஆசிரியர் போகண்டார்ஃப் ஒரு யோசனை சொன்னார்: சீபெக் 1821-இல் கண்ட வெப்ப மின்னிரட்டையை வைத்துப் பாருங்கள் என்று. பிஸ்மத்தும் செம்பும் சேரும் இரு சந்திகளில் ஒன்றைக் கொதிநீரிலும், மற்றதை உருகும் பனிக்கட்டியிலும் வைத்தார் ஓம். அந்த இரண்டு வெப்பநிலையும் மாறாது. ஆகவே மின்னழுத்தமும் மாறவில்லை. வெவ்வேறு நீளமுள்ள எட்டுச் செம்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக மாட்டி அளந்தார். 1826-இல் சரியான விதி கிடைத்தது. அச்சேறிய தன் சூத்திரத்தைத் தானே மாற்றி எழுதினார்.

1827-இல் புத்தகமாகவும் போட்டார். சொந்த நாட்டில் வரவேற்பில்லை. கொலோன் வேலையையும் விட்டார். 1833-இல்தான் நியூரம்பெர்க்கில் பதவி கிடைத்தது. லண்டன் ராயல் சொசைட்டி 1841-இல் காப்லி பதக்கம் அளித்தது. அதே ஆண்டு ஜூல் வெளியிட்ட கட்டுரை, கம்பியில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும் என்று காட்டியது.

இந்த இருமடியை நான் வேலைக்குப் போன பிறகுதான் உணர்ந்தேன். ஒரு லூஸ் கனெக்‌ஷனில் 0.01 ஓம் தடை என்று வைத்துக்கொள்வோம். 100 ஆம்பியர் ஓடினால் அங்கே 100 வாட் வெப்பம். 200 ஆம்பியர் ஓடினால் 200 வாட் அல்ல, 400 வாட்! அப்படித்தான் ஒரு ஆலையில் எங்கள் இணைப்புப் பெட்டி கருகியது. மணிக்கொரு தரம் ஆம்பியர் எழுதும் பதிவேட்டைப் புரட்டினேன். இரவு முழுக்க ஒரே எண். எழுதிய தம்பியைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. என் ரெக்கார்டு நோட்டு ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் புள்ளி கோட்டை விட்டு விலகினால் ரப்பரைத் தேடாதீர்கள். பேட்டரியைப் பாருங்கள், இணைப்பைப் பாருங்கள், மறுபடி அளந்து பாருங்கள். மார்க் இரண்டு குறைந்தால் குறையட்டும். ஓம் செய்ததும் அதுதானே!