மறு கன்னத்தைக் காட்டுதல்

ஒரு கன்னத்தில் அறைபவருக்கு மறு கன்னத்தையும் காட்டு என்பது, தீமைக்குத் தீமை செய்யாதிருக்க இயேசு அளித்த போதனை (மத்தேயு 5:39, லூக்கா 6:29). கண்ணுக்குக் கண் என்ற பழைய சட்டம் பழிவாங்கலுக்கு அளவு வைத்தது; இப்போதனை பழிவாங்கலையே விலக்குகிறது.

மத்தேயு மட்டுமே வலக் கன்னம் என்கிறார். எதிரே நிற்பவரின் வலக் கன்னத்தை வலக்கையால் அறைய வேண்டுமானால் புறங்கையால்தான் இயலும். அது காயத்தைவிட அவமானத்தை நோக்கிய அடி. யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா அதற்குச் சாதாரண அறையைப்போல் இருமடங்கு அபராதம் விதித்தது. மறு கன்னத்தைக் காட்டுவது அந்த இழிவை ஏற்க மறுக்கும் செயல் என்பது அமெரிக்க இறையியலாளர் வால்டர் விங்க் தந்த விளக்கம். கவர்ச்சியானது, ஆனால் எல்லா அறிஞர்களும் ஏற்றதல்ல.

விசாரணையில் காவலன் அறைந்தபோது இயேசு மறு கன்னத்தைக் காட்டாமல் காரணம் கேட்டார் (யோவான் 18:23). இதைச் சுட்டி, போதனை உள்ளத்தின் நிலையைப் பற்றியது என்றார் பண்டைய கிறிஸ்தவ இறையியலாளர் அகுஸ்தீன். 16ஆம் நூற்றாண்டின் அனபாப்திஸ்துகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரில் பெரும்பாலோர் அதைச் சொல்லுக்குச் சொல் ஏற்று ஆயுதம் ஏந்த மறுத்தனர். ரஷ்ய எழுத்தாளர் தால்ஸ்தோய் 1894இல் வெளியிட்ட நூல்வழி இக்கருத்து காந்தியை எட்டியது.